வேலை நேரப் பதிவு மென்பொருளில் சட்ட விதிகளை அமைப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை நிறுவனங்களுக்கான கேள்வி பதில்

கைரேகை இயந்திரம் வாங்கிப் பொருத்துவது ஒரு நாள் வேலை. அதன் பின்னால் இருக்கும் மென்பொருளுக்கு இலங்கைத் தொழில் சட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதுதான் பலர் பாதியில் விட்டுவிடும் வேலை. கடை, ஹோட்டல், அரிசி ஆலை, தையல் தொழிற்சாலை நடத்துவோரும் அவர்களது கணக்காளர்களும் வழக்கமாகக் கேட்பவை இங்கே உள்ளன.

எந்தச் சட்டத்தின் எண்களை மென்பொருளில் போட வேண்டும்?

முதலில் ஊழியர்களைப் பிரியுங்கள், எண்களைப் பிறகு பார்க்கலாம். கடை, காரியாலயம், மருந்தகம், காட்சியறை ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். நெல் குற்றுதல், ஆடை உற்பத்தி, ஹோட்டல் மற்றும் உணவு வழங்கல் போன்ற தொழில்களுக்கு, சம்பளத்தையும் வேலை நேரத்தையும் தீர்மானிக்கும் சம்பளச் சபைகள் உண்டு. 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு சபையும் தனித்தனித் தீர்மானம் வைத்திருக்கிறது. தொழிற்சாலைத் தளத்துக்கு 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் சேரும்.

ஒரே முதலாளியிடம் இந்த மூன்றும் இருக்கலாம். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலைக்குள் நிற்பவர் ஒரு வகை, கணக்கு எழுதும் பிள்ளை வேறு வகை, கல்முனைக் கடையில் அரிசி விற்பவரும் அந்த ஆலை வகையில் வரமாட்டார். ஆகவே மென்பொருளில் "நிறுவனம் முழுவதற்கும் ஒரு விதி" என்ற தெரிவைத் தொடாதீர்கள். மூன்று விதிக் குழுக்களை உருவாக்கி, ஆளை அவர் செய்யும் வேலையைப் பார்த்துக் குழுவில் சேருங்கள். ஒருவர் எந்த வகையில் வருகிறார் என்பதில் ஐயம் இருந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கீழே வரும் எண்கள், வேறு சொல்லாத இடங்களில், கடை அலுவலகச் சட்டத்துக்குரியவை.

கடை, அலுவலக ஊழியருக்கு அடிப்படை எண்கள் எவை?

நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. சாப்பாட்டு இடைவேளை இவற்றுக்குள் சேராது. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணிக்கு மேல் போகக்கூடாது, வீதம் ஒன்றரை மடங்கு. ஒரு வாரத்தில் மேலதிக நேரம் தவிர 28 மணியாவது வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு ஒன்றரை நாள் வார விடுமுறை.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30 முதல் மாலை 5.30, நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாடு, சனி 8.30 முதல் 1.30. ஐந்து எட்டு நாற்பது, சனி ஐந்து, மொத்தம் 45. நம் பக்கத்துக் காரியாலயங்களில் அதிகம் காணும் அமைப்பு இதுதான். மென்பொருளில் நாள் வரம்பை ஏழு நாளுக்கும் 8 என்று ஒரே அடியாகப் போட்டால், சனிக்கிழமை 3 மணி வரை நின்றவருக்கு மேலதிக நேரமே வராது. சனிக்கு நாள் வரம்பு 5 என்று தனியாகக் கொடுங்கள். அந்த அரை நாள் அவருடைய விடுமுறை, அதற்குள் போன நேரம் மேலதிக நேரம்தான்.

மென்பொருள் தானாக வைத்திருக்கும் அமைப்பை அப்படியே விடலாமா?

விடாதீர்கள். வெளிநாட்டுச் செயலிகள் பலவற்றில் வாரம் ஞாயிறில் தொடங்கும், வார வரம்பு 40 மணியாக இருக்கும், சிலவற்றில் இரட்டைச் சம்பள அடுக்கும் உள்ளே கிடக்கும். அது அமெரிக்கக் கணக்கு. வாரத் தொடக்கத்தைத் திங்களாக்குங்கள், 40 ஐ 45 ஆக்குங்கள், தேவையற்ற அடுக்கை அணைத்துவிடுங்கள். வாரத் தொடக்க நாளை நடு மாதத்தில் மாற்றினால் பழைய வாரங்கள் இரண்டாக உடைந்து போகும். அதை முதல் சம்பள மாதம் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டும்.

நாள் வரம்பு, வார வரம்பு இரண்டையும் போட்டால் மேலதிக நேரம் இரட்டிப்பாக வருகிறதே?

அதிகம் தவறும் இடம் இதுதான். ஓர் உதாரணத்தைப் பாருங்கள். ஒருவர் திங்கள் 10, செவ்வாய் 8, புதன் 9.5, வியாழன் 8, வெள்ளி 7 (ஜும்ஆ இடைவேளை நீண்டதால்), சனி 5 மணி வேலை செய்கிறார். மொத்தம் 47.5.

நாள் வரம்பின்படி திங்கள் 2, புதன் 1.5, ஆக 3.5 மணி மேலதிக நேரம். வார வரம்பின்படி 47.5 இல் 45 போக 2.5. இரண்டையும் கூட்டும்படி அமைத்த மென்பொருள் 6 மணி காட்டும். வார வரம்பு மட்டும் போட்டது 2.5 காட்டும். இரண்டும் பிழை. நாள் வரம்பைத் தாண்டியதை முதலில் ஒதுக்க வேண்டும், மிஞ்சிய சாதாரண நேரத்தை மட்டும் 45 உடன் ஒப்பிட வேண்டும். இங்கே மிஞ்சுவது 8, 8, 8, 8, 7, 5, அதாவது 44. அது 45 க்குள் இருப்பதால் வாரக் கணக்கில் கூடுதலாக எதுவும் இல்லை. சரியான விடை 3.5.

இந்தத் தெரிவுக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். பெயரைத் தேடி அலைவதைவிட மேலே உள்ள ஆறு நாட்களையும் ஒரு பரிசோதனை ஊழியருக்குப் போட்டுப் பாருங்கள். 3.5 வந்தால் அமைப்பு சரி.

மேலதிக நேரத்துக்கு மணித்தியாலக் கூலியை எப்படிப் பிரிப்பது?

கடை அலுவலக ஊழியருக்கு மாதச் சம்பளத்தை 240 ஆல் பிரிப்பது வழக்கம். சம்பளச் சபைத் தொழில்களில் பெரும்பாலும் 200. சம்பளம் 36,000 ரூபா என்றால் 240 ஆல் பிரிக்க 150, ஒன்றரை மடங்கு 225 ரூபா. மேலே சொன்னவருக்கு அந்த வாரம் 787.50 ரூபா. மென்பொருள் மாதத்து நாட்களை எண்ணித் தானாகப் பிரிக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பிரித்தால் மாசியில் ஒரு வீதம், பங்குனியில் ஒரு வீதம் வரும்.

மேலதிக நேரக் கொடுப்பனவு ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் சேராது. முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் ஆகியவை மேலதிக நேரம் நீங்கிய சம்பளத்தில்தான். சம்பள மென்பொருளுக்குத் தரவு போகும்போது மேலதிக நேரம் "கொடுப்பனவு" என்ற பொதுத் தலைப்பில் விழுந்தால் இந்தக் கணக்குக் குழம்பும். அதற்கென்று தனிக் குறியீடு கொடுங்கள்.

வாரத்துக்குரிய 12 மணி மேலதிக நேரம் முடிந்ததும் கைரேகை வைக்க விடாமல் தடுக்கலாமா?

கூடாது. இந்தத் தெரிவு பல செயலிகளில் இருக்கிறது, பார்க்கக் கவர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் இயந்திரத்தைப் பூட்டினால் வேலை நிற்காது, பதிவுதான் நிற்கும். பெருநாளுக்கு முந்திய இரவு காத்தான்குடிப் புடவைக் கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போது யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். பதிவில்லாமல் வேலை வாங்கியதாக அது முடியும். பின்னர் முறைப்பாடு வந்தால் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

வந்த நேரம், போன நேரம் எப்போதும் உள்ளபடி பதிவாகட்டும். தடுக்க வேண்டியதை வேலை அட்டவணையில் தடுங்கள். வாரத்தில் 8 மணி மேலதிக நேரம் ஆனதும் மேற்பார்வையாளருக்கு ஓர் அறிவிப்பு, 10 ஆனதும் முகாமையாளருக்கு, 12 ஐத் தாண்டும் ஷிப்டை அட்டவணையில் போடவே முடியாத பூட்டு. அப்படியும் தாண்டினால் அந்த நேரத்துக்குக் கூலி போக வேண்டும், மீறல் என்ற சிவப்புக் குறியும் விழ வேண்டும். கூலியை 12 இல் வெட்டும் அமைப்பு ஒரு பிழையை இரண்டாக்கும்.

12 மணி நேர ஷிப்ட் இரண்டு வைத்து நாளை ஓட்டுபவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி இடைவேளை போக 11 மணி வேலை, அதில் 3 மணி மேலதிகம். திங்களில் தொடங்கினால் வியாழனோடு 12 நிறைந்துவிடும். வெள்ளிக்கு ஆள் இல்லை. மூன்று ஷிப்டுக்கு மாறுவதைத் தவிர இதற்கு மென்பொருளில் வழி கிடையாது.

பௌர்ணமி, அரச விடுமுறை, வர்த்தக விடுமுறை: எந்த நாட்காட்டி?

இணையத்திலிருந்து இலங்கை விடுமுறை நாட்காட்டியை ஏற்றினால் எல்லா அரச விடுமுறையும் ஒரே நிறத்தில் வந்து நிற்கும். தனியார் கடைக்குச் சட்டம் தரும் விடுமுறை எட்டு: தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் பௌர்ணமிக்கு மறுநாள், மீலாத் நபி, நத்தார். தீபாவளி, மகா சிவராத்திரி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் இந்தப் பட்டியலில் இல்லை. நம் மாவட்டங்களில் அன்று கடை திறக்க ஆள் கிடைக்காது என்பது வேறு விடயம். அவற்றையும் மாமாங்கத் தீர்த்தம் போன்ற உள்ளூர் நாட்களையும் "நிறுவன விடுமுறை" என்ற தனி வகையில் போடுங்கள். கூலிப் பெருக்கம் அதற்கு வேறு, அல்லது இல்லை.

எட்டு விடுமுறையில் ஒன்றில் வேலை வாங்கினால் இரட்டை நாட்கூலி, அல்லது அந்த ஆண்டு டிசம்பர் 31 க்குள் சம்பளத்தோடு பதில் விடுமுறை. பதில் விடுமுறைக்கு மென்பொருளில் காலாவதித் தேதி கொடுக்க மறக்காதீர்கள். நத்தாருக்கு வேலை செய்தவருக்கு மிச்சம் ஆறு நாள்தான் இருக்கும். பௌர்ணமி தினங்கள் 1971 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தில் வருகின்றன. அன்று வேலைக்கு ஒன்றரை நாட்கூலி. ஆகவே மூன்று வகை: சட்ட விடுமுறை, பௌர்ணமி, நிறுவன விடுமுறை.

இங்கே ஒரு கண்ணி. மாதச் சம்பளக்காரருக்கு அந்த நாளின் கூலி சம்பளத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மென்பொருளின் 1.5 என்பது மொத்தமா, சம்பளத்துக்கு மேலே கூட்டுவதா என்று பார்க்காமல் போட்டால் பௌர்ணமிக்கு இரண்டரை நாட்கூலி போய்விடும். நாட்கூலிக்காரருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் வெவ்வேறு பெருக்கம் தேவை.

ஜும்ஆவும் நோன்பும்?

வெள்ளிக்கு மட்டும் வேறு இடைவேளை வைக்க முடியாத மென்பொருளை இங்கே வாங்கவே வேண்டாம். 12 முதல் 2 வரை இடைவேளை என்றால், ஒன்று வேலையை மாலை 6.30 வரை நீட்டி 8 மணி ஆக்குங்கள், அல்லது 7 மணியோடு விட்டு முழுநாளாகக் கணக்கிடுங்கள். இரண்டாவதைத் தேர்ந்தால், குறைந்த ஒரு மணிக்கு மென்பொருள் சம்பளம் வெட்டாதபடி அன்றைய "முழுநாள்" அளவை 7 ஆக மாற்ற வேண்டும்.

நோன்பு கால அட்டவணையை "ஆண்டுதோறும் மீளும்" என்று குறிக்காதீர்கள். அது வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். தொடக்க, முடிவுத் தேதியோடு ஒவ்வோராண்டும் புதிதாகப் போடுங்கள். பெருநாள் பிறையைப் பொறுத்தது என்பதால் முடிவுத் தேதியில் ஒரு நாள் தளர்வு வையுங்கள்.

ஹோட்டலில் காலையும் இரவும் வருபவர்களை எப்படிப் பதிவது?

அறுகம்பே, பாசிக்குடா ஹோட்டல்களில் காலை 6 முதல் 10, பிறகு மாலை 5 முதல் 9 என்று பிரிந்த வேலை சாதாரணம். மாலையில் வைக்கும் கைரேகையை மென்பொருள் புதிய ஷிப்டாக எடுத்து, "வெளியேறும் பதிவு இல்லை" என்று கத்தும். அல்லது நடுவிலுள்ள 7 மணியை இடைவேளையாக எடுக்கும். "ஒரே நாள், இரு பகுதி" என்ற ஷிப்ட் வகையை உருவாக்கி, பகுதிகளுக்கிடையிலான இடைவெளியை இடைவேளைக் கணக்கிலிருந்து விலக்குங்கள்.

நள்ளிரவைத் தாண்டும் வரவேற்பு மேசைக்கு வேறு பிரச்சினை. இரவு 10 முதல் காலை 7 வரை நின்றவரின் நேரத்தை 2 மணி, 7 மணி என்று இரு நாளில் உடைத்தால் எந்த நாளிலும் 8 தாண்டாது, மேலதிக நேரம் காணாமல் போகும். முழு ஷிப்டும் அது தொடங்கிய நாளுக்குச் சேரட்டும். நாள் மாறும் நேரத்தை நள்ளிரவு 12 இலிருந்து அதிகாலை 4 க்குத் தள்ளுவதும் ஒரு வழிதான், ஆனால் 3.30 க்கு வரும் பாண் அடிப்பவர் அதில் மாட்டிக்கொள்வார்.

இடைவேளையைத் தானாகக் கழிக்கும் வசதி நல்லதா?

வசதிதான், நியாயம் குறைவு. ஒரு மணி கழிக்கும்படி வைத்துவிட்டு, ஊழியர் மருந்து கொடுத்துக்கொண்டே மேசையில் நின்று சாப்பிட்டால் அந்த மணி வேலை நேரம். தானாகக் கழிப்பதை வைப்பதானால், "இன்று இடைவேளை எடுக்கவில்லை" என்று ஊழியரே குறிக்கும் பொத்தானும் இருக்க வேண்டும்.

நேரத்தை 15 நிமிடத்துக்கு முழுமையாக்கலாமா?

இரு பக்கமும் ஒரே விதமாக என்றால் தாங்கும். பெரும்பாலும் நடப்பது வேறு: 8.31 க்கு வந்தால் 8.45, 5.44 க்குப் போனால் 5.30. போகும்போது மட்டும் நாளுக்கு 14 நிமிடம் வெட்டினாலும் 26 நாளில் 364 நிமிடம், அதாவது 6 மணி 4 நிமிடம். 225 ரூபா வீதத்தில் ஒருவருக்கு மாதம் 1,365 ரூபா. கணினிக்கு நிமிடம் கூட்டுவது கடினமில்லை. முழுமையாக்கலை அணைத்துவிட்டு, தாமதத்துக்கு மட்டும் 5 அல்லது 10 நிமிடச் சலுகை கொடுங்கள்.

இயந்திரத்தில் 8.25, மென்பொருளில் 2.55 என்று காட்டுகிறது. ஏன்?

வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி என்றால், ஒரு பக்கம் உலகப் பொது நேரத்திலும் மறுபக்கம் இலங்கை நேரத்திலும் ஓடுகிறது. இயந்திரம், இடையிலுள்ள சேவையகம், மென்பொருள் மூன்றிலும் நேர வலயம் கொழும்பு, +5.30 என்று இருக்க வேண்டும். சரியாக அரை மணி வித்தியாசம் என்றால் இயந்திரத்தில் பழைய +6.00 கிடக்கிறது. இலங்கை 2006 ஏப்ரலில்தான் +5.30 க்குத் திரும்பியது.

கரண்ட் போய் வந்ததும் தேதி 2000 ஜனவரி 1 என்று காட்டினால் உள்ளே உள்ள சிறு பற்றரி செத்துவிட்டது. மாற்றுங்கள், இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் வசதியையும் திறந்துவிடுங்கள். தவறான தேதியில் விழுந்த பதிவுகளை அழிக்காமல் திருத்தக் குறிப்போடு நகர்த்துங்கள்.

ஆலையில் வேலை செய்பவர்களின் விரல் பதிவதில்லையே?

தவிட்டுத் தூசும் மூட்டை தூக்கித் தேய்ந்த ரேகையும் காரணம். ஆளுக்கு மூன்று விரலாவது பதியுங்கள், இரு கையிலும் இருக்கட்டும். அதுவும் சரிவராதவருக்கு அட்டை அல்லது முகப் பதிவு. கண்ணாடியை நனைந்த துணியால் துடைக்கக்கூடாது. கைரேகையும் முகமும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசேட வகைத் தரவு. வேலையை விட்டுப் போனவரின் ரேகையை இயந்திரத்திலிருந்து நீக்குங்கள். நேரப் பதிவு மட்டும் இருக்கட்டும்.

பெண்களின் இரவு வேலைக்கு என்ன விதி வைக்க வேண்டும்?

தொழிற்சாலைகளில் இதற்குத் தொழில் ஆணையாளரின் எழுத்து அனுமதி வேண்டும், அந்தப் பெண்ணின் சம்மதமும் வேண்டும். காலை 6 முதல் மாலை 6 வரை வேலை செய்தவரை அதே நாள் இரவு 10 க்குப் பின் வைக்க முடியாது. மாதத்தில் 10 இரவுக்கு மேல் கூடாது, கூலி ஒன்றரை மடங்கு. மென்பொருளில் இரவு ஷிப்டுக்கு மாத எண்ணி ஒன்று, "அன்று பகல் வேலை இருந்தால் ஒதுக்காதே" என்ற தடை ஒன்று, சம்மதக் கடிதம் ஏற்றப்படாவிட்டால் ஒதுக்க முடியாத பூட்டு ஒன்று. 2002 ஆம் ஆண்டின் திருத்தம் தந்த மாதத்துக்கு 60 மணி மேலதிக நேர வரம்பையும் தனி எண்ணியாகப் போடுங்கள். கடை, ஹோட்டலுக்கு நிபந்தனை வேறு, இதை அப்படியே நகல் எடுக்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டோருக்குத் தனிக் குழு வையுங்கள், இரவு ஷிப்டே அதில் இல்லாமல். 16 க்குக் கீழ் பிறந்த தேதியை மென்பொருள் ஏற்கவே கூடாது.

சம்பள மாதம் 25 இல் முடிகிறது, வாரம் நடுவில் உடைகிறதே?

25 புதன்கிழமை என்றால் அந்த வாரத்தின் 45 மணிச் சோதனை சனிக்குத்தான் முடியும். நாள் வரம்பைத் தாண்டிய நேரத்தை உடனே கொடுக்கலாம். வார வரம்பால் வருவதை வாரம் முடியும் மாதத்துக்குத் தள்ளுங்கள். அந்த அரை வாரத்தைத் தனி வாரமாக எடுக்கும் மென்பொருளில் 45 ஒருபோதும் தாண்டாது, 28 மணிச் சோதனையிலும் ஆட்கள் தோற்பார்கள்.

புதிதாகச் சேர்ந்தவரின் ஆண்டு விடுமுறையை மென்பொருள் பிழையாகக் காட்டுகிறது.

மாதத்துக்கு இவ்வளவு என்று சேர்த்துக்கொண்டு போகும் முறையில் விட்டிருப்பீர்கள். சட்டம் சேர்ந்த காலாண்டைப் பார்க்கிறது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டில் 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன் 10, ஜூலை முதல் செப்டெம்பர் 7, அதன் பின் 4. அமயலீவு ஆண்டுக்கு 7, முதல் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒன்று.

பழைய மாதங்களில் பிழையாகக் கணக்கிட்டிருப்பது இப்போதுதான் தெரிகிறது. விதியை மாற்றினால் போதுமா?

விதியை மாற்றி "எல்லாவற்றையும் மீளக் கணக்கிடு" என்று அழுத்தினால் மூடிய மாதங்களின் பதிவு மாறிவிடும். ஊழியர் கையிலுள்ள சம்பளத்தாள் ஒன்று, திரையில் உள்ளது வேறொன்று என்றாகும். மூடிய மாதங்களைப் பூட்டியே வையுங்கள். புதிய விதிக்கு வரும் மாதத்தின் முதல் தேதியைத் தொடக்கமாகக் கொடுங்கள். பழைய மாதங்களின் தரவை நகலெடுத்துப் பரிசோதனைக் கணக்கில் புதிய விதியை ஓட்டி, வித்தியாசத்தை ஆள் வாரியாக எடுத்து, "மேலதிக நேர நிலுவை, இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை" என்று சம்பளத்தாளில் தனி வரியாகக் கொடுங்கள். கூடுதலாகப் போன பணத்தை ஒரே மாதத்தில் திருப்பிப் பிடிக்க வேண்டாம், அதை ஊழியரோடு பேசி எழுத்தில் முடியுங்கள்.

மறந்த கைரேகை, தவறிய நேரம் ஆகிய திருத்தங்களுக்கும் இதே முறைதான். முதற்பதிவு அழியாமல் கீழே இருக்க, திருத்தியவர் பெயர், காரணம், நேரம், ஊழியரின் ஒப்புதல் நான்கும் மேலே விழ வேண்டும். இந்த நான்கில் ஒன்றைக்கூடத் திரையில் காட்ட முடியாத செயலியை விற்பனையாளர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.